முதல் வெட்டு

எனக்குப் பொறாமை. சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படித்து முடித்தபின் யாரும் தாங்களாகக் கண்டுபிடித்ததாகப் பெருமைப்பட வேண்டியதில்லை.

நான் வேலை பார்த்த பனியன் கம்பெனியில் கட்டிங் பிரிவுப் பிள்ளைகள் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறார்கள். நான் ஓய்வுபெற்று நான்கு வருடமாகியும் என்னை அதிலிருந்து எடுக்கவில்லை. பெரும்பாலும் காலை வணக்கம், ரோஜாப்பூ, யாருக்காவது ரத்தம் தேவை என்கிற செய்தி, இவ்வளவுதான் அதில் வரும். போன வாரம் ஸ்டெல்லா என்னைப் பெயர் சொல்லிக் கேட்டிருந்தாள். இப்போது கட்டிங் பிரிவைப் பார்த்துக்கொள்கிற பெண். "மாஸ்டர், உங்க காலத்துல பூஜையன்னிக்கு கத்தரியத் தொடறதுக்கே ஆளு பாப்பாங்களாமா? நெசமாங்களா?" பக்கத்தில் வாயைப் பொத்திச் சிரிக்கிற மஞ்சள் முகம் ஒன்று.

'ஆமா கண்ணு' என்று அடித்தேன். அழித்தேன். முப்பது வருட வயிற்றெரிச்சலை இரண்டு வார்த்தையில் எப்படி முடிப்பது?

சாதியைப் பெயர் சொல்லி எழுதப்போவதில்லை. எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லாமலே தெரியும். தெரியாதவர்களுக்கு இது போதும்: ஊரில் தோட்டம் வைத்திருந்தவர்கள் ஒரு பக்கம், தலைமுறை தலைமுறையாக அந்தத் தோட்டத்தில் வேலை செய்தவர்கள் மறுபக்கம். எங்கள் முதலாளி முதல் பக்கம். மாரியப்பன் என்கிற நான் மறுபக்கம். தோட்டத்துக் கிணறு வற்றியதும் அவர்கள் பனியன் கம்பெனி போட்டார்கள், நாங்கள் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போனோம். இடம் மாறியது. பக்கம் மாறவில்லை.

தையல்காரருக்குத் துணி எடுத்துக் கொடுக்கிற வேலையில் சேர்ந்தேன். பிறகு செக்கிங், பிறகு கட்டிங்கில் உதவியாள். நான்கைந்து மாஸ்டர்களிடம் திட்டு வாங்கி, ஒருவரிடம் மட்டும் வேலை கற்று, முப்பது வயது முடிவதற்குள் கட்டிங் மாஸ்டர் ஆனேன். எங்கள் தெருவில் முதல் மாஸ்டர் நான்தான். அம்மா அன்றைக்குத் தெரு முழுக்கச் சர்க்கரை கொடுத்தாள்.

கட்டிங் என்றால் வெட்டுவது என்று நினைக்கிறார்கள். வெட்டுவது கடைசி வேலை. பின்னல் துணி, நெய்த துணி மாதிரி சொன்ன பேச்சைக் கேட்காது. சுருக்கம் நீக்குகிற மெசினில் இழுபட்டு, சூட்டோடு வரும். அதை உருளையிலிருந்து பிரித்துத் தளர்வாகப் போட்டு ஒரு முழுநாள் சும்மா விட வேண்டும். இழுபட்டதெல்லாம் விட்டுப்போய் தன் சொந்த அளவுக்குத் திரும்பும். இளைப்பாற விடுவது என்போம். ராத்திரி பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த ஆளை முதலில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுப்பது போலத்தான். அவசரப்பட்டு வெட்டினால் வெட்டும்போது அளவு சரியாக இருக்கும், தைத்து முடிப்பதற்குள் துணி உள்ளே போய்விடும். நான் புறங்கையால் தடவிப் பார்ப்பேன். உள்ளங்கை காய்த்துப்போனது, அதை நம்ப முடியாது. துணியில் சூடு இருந்தால் எவ்வளவு அவசர ஆர்டராக இருந்தாலும் தொடமாட்டேன்.

இந்த விஷயத்தில் முதலாளி என்னைத் தாண்டிப் பேசியதே இல்லை. மேசைப் பக்கம் வந்து, "ஏனுங்க மாஸ்டர், துணி ரெடிங்களா?" என்பார். "இல்லீங்க, நாளைக்குத்தானுங்க" என்றால் திரும்பிப் போய்விடுவார். யாரையும் அதட்டி நான் பார்த்ததில்லை. தப்புச் செய்தவனிடமும் "இப்படி ஆயிப்போச்சுங்களே" என்பார். மனதுக்கு ஒவ்வாத ஒன்றைச் சொல்லப்போகிறார் என்றால் மட்டும் கைக்கடிகாரத்தைக் கழற்றி, வேட்டி நுனியால் கண்ணாடியைத் துடைத்து, மறுபடி கட்டிக்கொள்வார். அந்தக் கடிகாரம் கழன்றால் நாங்கள் கைவேலையை நிறுத்திவிடுவோம். என் மூத்த மகளுக்குப் பிரசவம் சிக்கலானபோது தன் காரையே அனுப்பினார். மறுநாள் அதே காரில்தான் கம்பெனிக்கு வந்தார். இடையில் காரைக் கழுவினார்களா என்று நான் விசாரிக்கவில்லை.

இப்போது அந்த வழக்கத்துக்கு வருகிறேன். ஆயுத பூஜை அன்று கம்பெனியைக் கழுவித் துடைத்து, மெசினுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து, கத்தரி, அளவு நாடா, சுண்ணக்கட்டி எல்லாவற்றையும் சரஸ்வதி படத்தின் முன்னால் வைத்துவிடுவோம். அன்றைக்கு எதையும் தொடக்கூடாது. மறுநாள் விஜயதசமி காலை நல்ல நேரத்தில் கத்தரியை எடுத்து, வெள்ளைத் துணியில் முதல் வெட்டு. அந்தத் துணியில் ஒரு குழந்தைப் பனியன் தைப்பார்கள். அது முதலாளி வீட்டுக் குலதெய்வக் கோயிலுக்குப் போகும். அம்மன் காலடியில் வைத்து எடுத்து வந்து அவர்கள் வீட்டுக் குழந்தைக்குப் போடுவார்கள். எல்லாக் கம்பெனியிலும் இப்படி உண்டா என்று தெரியாது. எங்கள் கம்பெனியில் உண்டு.

முதல் வெட்டு மாஸ்டருடையது என்றுதான் நினைத்திருந்தேன். எனக்கு முந்தைய மாஸ்டர்தான் வெட்டினார், அவர் முதலாளி பக்கத்து ஆள். மாஸ்டரான முதல் விஜயதசமிக்கு விரதம் இருந்து, குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி, புது வேட்டி கட்டிப் போனேன். கற்பூரம் காட்டி முடிந்தது. கத்தரியை எடுக்கக் கையை நீட்டினேன்.

"சித்தெ இருங்க மாஸ்டர்" என்றார் முதலாளி. கடிகாரம் கழன்றது. கண்ணாடியைத் துடைத்தார். "இது எங்க குலதெய்வத்துக்குப் போற துணியில்லீங்களா. நாச்சிமுத்து வெட்டட்டும். அவனுக்குக் கைராசிங்க. நீங்க ஒண்ணும் மனசுல வெச்சுக்காதீங்க. துணி ரெடிங்களா, அத மட்டும் பாத்துச் சொல்லிப்போடுங்க."

நாச்சிமுத்து எனக்குக் கீழே வேலை பார்த்த உதவியாள். முதலாளிக்குத் தூரத்துப் பங்காளி, ஆனால் சொந்தமாக ஒரு சென்ட் நிலம்கூடக் கிடையாது. நேர்க்கோடு வெட்டினால் நேராக வராது. நான்தான் அவருக்குச் சுண்ணக்கட்டியால் கோடு போட்டுக் கொடுத்தேன். "ரெடிங்க" என்றும் சொன்னேன். அவர் கத்தரியைக் கண்ணில் ஒற்றி, நான் போட்ட கோட்டின் மேலேயே வெட்டினார். எல்லோரும் கும்பிட்டார்கள். நானும் கும்பிட்டேன். பூஜை முடிந்ததும் கத்தரியை என்னிடம் கொடுத்து, "இந்தாங்க மாஸ்டர்" என்றார். வருடம் முழுக்க வெட்டுவதற்கு அது என் கைக்கு வந்தது.

இப்படியே பதினோரு வருடம்.

நாச்சிமுத்துமேல் அந்தப் பதினோரு வருடமும் எனக்கு வயிறு எரிந்தது. கம்பெனிக்குள் "வாங்க மாஸ்டர், போங்க மாஸ்டர்" என்பார். சாயங்காலம் ஊர் டீக்கடையில் "என்ன மாரி, வேலை முடிஞ்சுதா?" என்பார். கம்பெனி வாசலில் இருக்கிற வேகத்தடைக்கு இந்தப் பக்கம் ஒரு மரியாதை, அந்தப் பக்கம் ஒரு மரியாதை. அவரிடம் கெட்ட எண்ணம் இருந்ததாக நான் சொல்லமாட்டேன். இரண்டு இடத்திலும் அந்தந்த இடத்துப் பேச்சைப் பேசினார். அந்த டீக்கடையில் தனி டம்ளர் ஒழிந்ததுகூட யாரும் போராடி அல்ல, பேப்பர் கப் வந்து ஒழிந்தது.

கைராசி என்பது நாச்சிமுத்துவின் ஒரே சொத்து. கல்யாண வீட்டில் முகூர்த்தக்கால் நட அவரைக் கூப்பிடுவார்கள். போர்வெல் போடும் இடத்தில் முதல் தேங்காய் அவர்தான் உடைப்பார். புதுக் கடை திறந்தால் முதல் வியாபாரம் அவர் கையால். நிலமில்லாத, படிப்பில்லாத மனிதருக்கு மாலையும் பட்டுத் துண்டும் கிடைத்தன. எனக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

எனக்குப் பக்தி இல்லாமலிருந்தால் இந்த எரிச்சல் வந்திருக்காதோ என்னவோ. தைப்பூசத்துக்கு வருடம் தவறாமல் பழனிக்குக் கால்நடையாகப் போகிறவன் நான். ஒரு வருடம் மலைப்படியில் முதலாளியைப் பார்த்தேன். ஒரே கூட்டம், ஒரே வரிசை, எனக்கு முன்னால் அவர். "வந்துட்டீங்களா மாஸ்டர், இதச் சித்தெ புடிங்க" என்று பூஜைக் கூடையை என் கையில் கொடுத்து வேட்டியை இறுக்கிக் கட்டினார். முருகனுக்குப் போகிற கூடையை நான் தொடலாம். மலையிறங்கி வந்தால் கத்தரியைத் தொடக்கூடாது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். எங்கள் கம்பெனியில் பூசாரியே கிடையாது, கடிகாரம்தான்.

பன்னிரண்டாவது வருடம் நடந்ததை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. மனைவியிடமும் இல்லை.

அந்த வருடம் ஒரு பெரிய குழந்தை உடுப்பு ஆர்டர். கப்பலுக்கு நாள் நெருங்கிவிட்டது. வெள்ளைத் துணியில் பேருக்கு வெட்டாமல், ஆர்டர் துணியிலேயே முதல் வெட்டைப் போட்டு, முதல் அடுக்கு முழுவதையும் நாச்சிமுத்து கையாலேயே வெட்டிவிடலாம் என்று முதலாளி முடிவு செய்தார். ஆர்டர் நல்லபடியாகப் போகும் என்று நம்பிக்கை. நான்கு வயதுப் பிள்ளைகளின் அளவு, லைக்ரா கலந்த துணி. அந்தத் துணி ரப்பர் மாதிரி, இழுத்தால் வரும், விட்டால் ஓடும். வீரபாண்டிச் சாயப்பட்டறையில் ப்ராசஸ் முடித்து, விஜயதசமி காலையில்தான் வேனில் வந்து இறங்கியது.

அடுக்கிப் போட்டோம். நான் புறங்கையை வைத்துப் பார்த்தேன். சூடு. நன்றாகத் தெரிகிற சூடு. ஒரு நாளாவது விட வேண்டும்.

சூடம் ஏற்றினார்கள். நல்ல நேரம் முடிய அரைமணி இருந்தது. முதலாளி வழக்கம்போல என் பக்கம் திரும்பினார். "ஏனுங்க மாஸ்டர், துணி ரெடிங்களா?"

நாச்சிமுத்து புதுத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, அன்றைக்குக் கத்தரிக்குப் பதில் கரண்ட் கத்தியின் பிடியில் பொட்டு வைத்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்த்தேன். உன் கைராசியை நான் பார்க்கிறேன் என்று தோன்றியது. அந்த வார்த்தைகளிலேயே தோன்றியது, நன்றாக நினைவிருக்கிறது.

"ரெடிங்க" என்றேன்.

மூன்று நாள் கழித்துச் செக்கிங்கில் தெரிந்தது. அந்த அடுக்கில் வெட்டிய அத்தனையும் நீளத்தில் ஒரு அங்குலத்துக்கு மேல் குறைந்திருந்தன. நான்கு வயதுச் சட்டை மூன்று வயதுப் பிள்ளைக்குத்தான் சேரும். புதுத் துணி வாங்கி, இரவு பகலாக வெட்டித் தைத்து, ஒருவழியாக ஆர்டர் போய்ச் சேர்ந்தது. கம்பெனி பிழைத்துக்கொண்டது.

முதலாளி கட்டிங் பிரிவுக்கு வந்தார். கடிகாரத்தைக் கழற்றினார். துடைக்கவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். "ஏனுங்க மாஸ்டர், நீங்க பாக்கலீங்களா?"

அதற்கு நான் சொன்ன பதில்தான் இந்தக் கட்டுரையில் எழுதக் கூசுகிற வரி. "பூஜை நடக்கறப்ப நான் ஓரமாத்தானுங்களே நிக்கறேன். கண்ணால பாத்துத்தானுங்க ரெடின்னேன். அந்தத் துணியத் தொடறதுக்கு எனக்கென்னங்க இருக்குது" என்றேன். பதினோரு வருடம் எனக்கு நடந்த அநியாயத்தை எடுத்து, என் குற்றத்துக்குக் குடையாகப் பிடித்துக்கொண்டேன். நல்ல குடை. ஒரு சொட்டு நனையவில்லை.

முதலாளி தலையைக் குனிந்துகொண்டார். "நாச்சிமுத்துவுக்கு நேரம் செரியில்ல போலிருக்குது" என்றார். துணியில் கோளாறு என்று ஒருவரும் பேசவில்லை. கையில் கோளாறு என்று பேசினார்கள். அடுத்த வாரம் அவரை வாசல் கேட்டுக்குக் காவலுக்கு மாற்றினார்கள். செய்தி ஊருக்குள் போயிற்று. ஒரு வீட்டில் முகூர்த்தக்கால் நட வேறு ஆளைக் கூப்பிட்டார்கள், பார்த்துக்கொண்டிருந்த மற்றவர்களும் அப்படியே செய்தார்கள். அவருடைய சொந்த மகள் கல்யாணத்துக்கு அவருடைய மைத்துனர் கால் நட்டார். நாச்சிமுத்து பக்கத்தில் நின்று பால் ஊற்றினார். நான் பந்தலுக்கு வெளியே நின்று அதைப் பார்த்தேன்.

அடுத்த விஜயதசமிக்கு முதல் வெட்டு எனக்கு வரும் என்று உள்ளுக்குள் ஒரு நப்பாசை. முதலாளியின் அக்கா மகன் வந்து வெட்டினான். கல்லூரியில் படிக்கிற பையன், கத்தரியைத் தலைகீழாகப் பிடித்தான். நான் கோடு போட்டுக் கொடுத்தேன்.

கொஞ்ச வருடங்களில் வடக்கே இருந்து ஆட்கள் வந்தார்கள். பீகார்காரர்கள் எங்கள் கம்பெனியில் ஐம்பது பேருக்கு மேல் சேர்ந்தார்கள். ஆயுத பூஜைக்கு முன்னால் புரட்டாசி தொடங்குகிற வாக்கில் அவர்களுக்கு விஸ்வகர்மா பூஜை. மண்ணில் செய்த சாமியை வாங்கி வந்து, கம்பெனி ஷெட்டிலேயே வைத்து, அவர்களில் மூத்தவர் ஒருவர் தானே மந்திரம் சொல்லிக் கும்பிட்டார். முதலாளியை அழைத்தார்கள். அவர் போய் நின்றார். அந்த மனிதர் குங்குமத்தைக் குழைத்துத் தன் கட்டைவிரலால் முதலாளியின் நெற்றியில் நேராக இழுத்தார். முதலாளி தலையைக் குனிந்து காட்டினார். அதே கையால் பூந்தியை எடுத்துக் கொடுத்தார். முதலாளி வாயில் போட்டுக்கொண்டார்.

நான் நாலடி தள்ளி நின்றேன். எனக்கும் பூந்தி கொடுத்தார்கள். கையிலேயே வைத்துக்கொண்டேன். நேற்று ரயிலேறி வந்தவன் விரல் முதலாளியின் நெற்றியைத் தொட்டுவிட்டது. முப்பது வருடம் பக்கத்தில் நின்ற என் விரல்?

வெளியே கேட்டில் நாச்சிமுத்து உட்கார்ந்திருந்தார். அவரிடம்தான் கேட்டேன், வேறு யாரிடம் கேட்பது. "இவங்கெல்லாம் ஊர்ல என்ன ஆளுகளாமுங்க?"

"யாருக்குங்க தெரியும்" என்று சிரித்தார். "தெரியாத வரைக்கும் எல்லாரும் நல்ல ஆளுகதான் மாஸ்டர்."

நான் ஓய்வுபெற்ற பிறகு கட்டிங்குக்குக் கம்ப்யூட்டர் மெசின் வந்தது. துணியைப் போட்டால் அதுவே வெட்டும். அதை ஓட்டத்தான் ஸ்டெல்லா வந்தாள். எங்கள் தெருப் பெண். அவளுடைய தாத்தா காலத்தில் வேதத்துக்குப் போன, அதாவது கிறிஸ்தவர்களான குடும்பம். பக்கம் என்னுடைய பக்கம்தான். ஆயத்த ஆடைப் படிப்புப் படித்தவள். அந்த மெசினைச் சரியாக ஓட்டத் தெரிந்த ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பு என்று சின்ன முதலாளியே, அதாவது முதலாளியின் மகனே, பலரிடம் சொல்லியிருக்கிறார்.

இந்த வருட ஆயுத பூஜைக்கு முன்னால் ஸ்டெல்லா சின்ன முதலாளியிடம் போய், தன் மெசினுக்குத் தானே பொட்டு வைப்பதாகவும், முதல் வெட்டையும் தானே ஓட்டுவதாகவும் சொன்னாளாம். "நீ சர்ச்சுக்குப் போற புள்ள, உனக்கெதுக்கு கண்ணு இதெல்லாம்?" என்று அவர் நயமாகக் கேட்டிருக்கிறார்.

"சர்ச்சுக்கு ஞாயித்துக்கெழமை போறனுங்க. மத்த ஆறு நாளும் அந்த மெசின்கிட்டத்தானுங்க நிக்கறேன். வேற ஆளு வெக்கறதா இருந்தா நான் அன்னிக்கு லீவு எடுத்துக்கறனுங்க. அடுத்த நாளும் அவங்களே ஓட்டட்டுங்க."

சின்ன முதலாளி சிரித்துவிட்டு, "செரி, நீயே வெய்யி" என்றாராம். இரண்டு நிமிடம். நின்றபடி பேசி முடித்த விஷயம். எனக்கு இதைச் சொன்ன ஆள் பெருமையாகத்தான் சொன்னார். எனக்குள் ஏதோ எரிந்தது. விரதம் இருந்தவன் நான், பழனிக்கு நடந்தவன் நான், காலில் கொப்புளம் வந்தவன் நான். அவளுக்கு அந்தச் சாமிமேல் நம்பிக்கைகூடக் கிடையாது!

ஓய்வுபெற்றவர்களையும் பூஜைக்கு அழைப்பது வழக்கம். விஜயதசமி காலையில் போனேன். சாமி கும்பிடப் போகவில்லை. கடைசி நேரத்தில் அவளை யாராவது 'சித்தெ இரு கண்ணு' என்று நிறுத்துவார்கள், அதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று போனேன். என் தெருப் பெண் தோற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே சைக்கிள் மிதித்தேன். இதைவிடக் கீழான ஆசை எனக்கு வாழ்க்கையில் வந்ததில்லை.

பெரிய முதலாளிக்கு இப்போது நடை தளர்ந்துவிட்டது. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எனக்கும் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டார்கள். ஸ்டெல்லா மெசினுக்குச் சந்தனம் வைத்தாள், குங்குமம் வைத்தாள். யாரும் நிறுத்தவில்லை. சின்ன முதலாளி மணியைப் பார்த்து, "நல்ல நேரம் ஆயிருச்சு கண்ணு, ஓட்டீரு" என்றார்.

அவள் துணியின்மேல் கையை வைத்துப் பார்த்தாள். "இன்னிக்கு வெட்ட முடியாதுங்க. துணி இன்னிக்குக் காலைலதான் பிரிச்சோம். லைக்ராங்க. நாளைக்குக் காலைல வெட்டறனுங்க."

"ஒரே ஒரு குழந்தைப் பனியன் அளவுக்கு மட்டும் கண்ணு. கோயிலுக்குக் கொண்டுபோகோணும்."

"கோயிலுக்குப் போற துணின்னா இன்னுஞ் செரியா வெட்டோணுமில்லீங்க?"

சூடம் எரிந்துகொண்டிருந்தது. சின்ன முதலாளி அப்பாவைப் பார்த்தார். பெரிய முதலாளியின் கை கடிகாரத்துக்குப் போயிற்று, அப்படியே திரும்பி மடியில் விழுந்தது. "நாளைக்கே ஆகட்டும். துணி தெரிஞ்சவங்க சொன்னாக் கேட்டுக்கோணும்" என்றார். ஸ்டெல்லா மெசினை வெறுமனே ஓட்டிக் காட்டினாள். எல்லோரும் கும்பிட்டார்கள்.

முதலாளி என் பக்கம் சாய்ந்தார். குரலில் அன்பு இருந்தது, பொய் சொல்லக்கூடாது. "ஏனுங்க மாஸ்டர், நீங்களும் அன்னிக்கே வாய் தொறந்து கேட்டிருக்கலாமில்லீங்க? கேட்டிருந்தா நான் குடுக்காமயா போயிருப்பேன்?"

கையை நீட்டினேனே, அது கேட்டதாகாதா? கேட்டிருந்தால் கொடுத்திருப்பாரா? எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்று இப்போது எல்லோரும் சுலபமாகச் சொல்கிறார்கள். அழுத பிள்ளை அடிவாங்கிய காலத்தில் நான் பிறந்தேன். பொரிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு எழுந்தேன்.

கேட்டில் நாச்சிமுத்து. முடியெல்லாம் நரைத்துவிட்டது, சீருடை தொளதொளவென்று கிடந்தது. "வாங்க மாஸ்டர். புள்ள நல்லபடியா வெட்டிருச்சுங்களா?"

"வெட்டலீங்க. துணி ரெடியாகல, நாளைக்குத்தான்னு சொல்லிருச்சு."

"நல்ல நேரத்துலயா? முதலாளிகிட்டயேவா?" நாச்சிமுத்து வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் என்னால் அடக்க முடியவில்லை.

"நாச்சிமுத்து, அன்னிக்குத் துணி ரெடியாகலைங்கறது எனக்குத் தெரியுமுங்க. தெரிஞ்சேதான் ரெடின்னு சொன்னேன். உங்க மேல பொறாமை."

அவர் கேட்டின் தாழ்ப்பாளைப் போட்டார், எடுத்தார், மறுபடி போட்டார். "எனக்குந் தெரியுமுங்க மாஸ்டர். தொட்டப்பவே சுட்டுச்சு."

"பின்ன ஏனுங்க வெட்டினீங்க?"

"என்னைய யாருங்க கேட்டாங்க?" என்றார். "உங்களைத்தானுங்களே கேட்டாங்க. பதினோரு வருசமும் உங்களக் கேட்டு, நீங்க செரின்னு சொன்ன பொறகுதானுங்க எங்கையில கத்தரியக் குடுத்தாங்க. எனக்கு ஒரு கோடு நேராப் போட வருமுங்களா? நீங்க 'இல்லீங்க'ன்னா முதலாளியே திரும்பிப் போவாரு. அதப் பாத்து எனக்கு எத்தனை பொறாமைங்கறது உங்களுக்குத் தெரியாதுங்க மாஸ்டர்."

அவர் என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. நான் எதற்காக முப்பது வருடம் எரிந்தேனோ, அது ஒரு நாள் கூத்து. அவர் எதற்காக எரிந்தாரோ, அது தினமும் என் வாயில் இருந்தது. அந்தச் சொல்லைத்தான் அன்றைக்கு விற்றேன்.

கொஞ்சம் பொரியை அவர் கையில் கொட்டினேன். பிறகு சொன்னேன். "ஐப்பசிக் கடைசீல பேத்திக்குக் கல்யாணமுங்க. முகூர்த்தக்கால் நட நீங்க வரோணும்."

பொரி வாய்க்குப் போகாமல் நின்றது. "உங்க ஊட்டுக்குங்களா?"

"எங்க ஊட்டுக்குத்தானுங்க."

சாலையை இரண்டு பக்கமும் பார்த்தார். பொரியைத் தின்று முடித்து, கையைத் துடைத்துக்கொண்டார். "ஊட்டுல கேட்டுச் சொல்றனுங்க மாஸ்டர்" என்றார். எங்கள் பக்கம் இந்த வாக்கியத்துக்கு வரமாட்டேன் என்றுதான் அர்த்தம், எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவர் 'மாரி' என்று சொல்லவில்லை. அப்போது நான் வேகத்தடையைத் தாண்டி, வெளியே சாலையில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

ஸ்டெல்லா, நீ கேட்டதற்குப் பதில் இதுதான். நெசம்தான் கண்ணு. இதை அப்படியே குழுவில் போடுகிறேன். முதலாளி, சின்ன முதலாளி இருவரும் அதில் இருக்கிறார்கள் என்று தெரிந்தேதான் போடுகிறேன். நாச்சிமுத்துவின் கையில் ஒரு குற்றமும் இல்லை. அன்றைக்குக் குற்றம் என் வாயில் இருந்தது.

கால் நடுகிற இடத்தில் குழி தோண்டி வைத்திருக்கிறோம். நாச்சிமுத்து இன்னும் பதில் சொல்லவில்லை. அவர் வராவிட்டால் ஸ்டெல்லாவையே நடச் சொல்லலாம் என்கிறாள் பேத்தி. அவள் நன்றாகத்தான் நடுவாள். எனக்குத்தான் இன்னும் மனது வரவில்லை. தினமும் சாயங்காலம் வாசலில் நாற்காலியைப் போட்டு, கம்பெனி விட்டு ஆட்கள் வருகிற சாலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.